வீட்டுக் கழிபொருளும் தோட்டக் களையும்

ஐப்பசி மழை பெய்து பத்து நாள் கழிந்தபின் தம் வீட்டுக் கொல்லையை நோக்குவார் எவரும் இரண்டு காட்சிகளைக் காண்பர். ஒரு மூலையிலே, வீட்டினின்றும் கழிக்கப்பட்ட பழந்தாள், அட்டைப்பெட்டி, கிழிந்த பாய், கந்தல், தேங்காய் மட்டை முதலியன குவிந்து நனைந்து கிடக்கும். எஞ்சிய இடத்திலோ, நாம் நட்ட கத்தரியும் வெண்டையும் எங்கே என்று தேடும்படி, நாம் விதையாத சாரணையும் கோரையும் குப்பைமேனியும் செழித்து நிற்கும். முன்னதை எரித்தொழிக்க ஒரு நாளும், பின்னதைக் களைந்தொழிக்கப் பல நாளும் செலவிடுகின்றோம். இவ்விரு தொல்லைகளுள் ஒன்றைக்கொண்டு மற்றொன்றை அடக்கலாகும் என்பதை நம்முட் பலர் எண்ணிப் பார்த்திலர். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது பெரும்பண்ணையுடையார்க்கென்று எழுதப்பட்டதன்று. கிணற்றடியில் நான்கு பாத்தியும், முற்றத்தில் இரண்டு வாழையும், சுவரோரத்தில் ஒரு முருங்கையும் வைத்துக்கொண்டிருக்கும் நம்மனோர்க்கே எழுதப்பட்டது. அத்தகைய சிறு தோட்டங்களிற் களை பிடுங்குவோர் பெரும்பாலும் நம் அன்னையரும் பாட்டிமாருமே. அவர் குனிந்த முதுகு நிமிருமாறு ஏதேனும் ஒரு வழி உண்டாயின், அதனை அறிந்துகொள்ளுதல் கற்றார்க்குக் கடனன்றோ?

களையாவது யாது?

பயிரிடுவான் விரும்பாத இடத்தில் முளைக்கும் செடி எதுவோ அதுவே களை. ஆதலின் களை என்பது ஒரு செடியின் குலப்பெயரன்று; அது நிற்கும் இடம்பற்றி வந்த பெயர். கீழாநெல்லி வைத்தியனுக்கு மூலிகை. மிளகாய்ப் பாத்தியிற் களை. பருப்புக்கீரை சட்டியில் ஏறிற் கறி. வெங்காயத்தின் நடுவே படரிற் களை. அறுகம்புல் ஆவுக்கு நல்லுணவு. தோட்டக்காரனுக்கோ தீராத வழக்கு.

களையால் வரும் கேடு வெளிப்படை. பயிருக்கென்று இட்ட எருவையும் இறைத்த நீரையும் அது பங்கிட்டுக்கொள்ளும், விரைந்து வளர்ந்து வெயிலை மறைக்கும், பூச்சிகளுக்கு உறைவிடமாகும். ‘களை பிடுங்காப் பயிர் கால் பயிர்’ என்று நம் உழவர் கூறுவது இதுபற்றியே. திருவள்ளுவரும் உழவு என்னும் அதிகாரத்தில், உழுதல், எருவிடுதல், நீர் பாய்ச்சல், காத்தல் என்பவற்றோடு களைகட்டலையும் ஒருங்கு வைத்து எண்ணியுள்ளார்.

களைகளை அடக்கப் புகுமுன் அவற்றை இரு வகையாகப் பகுத்தறிதல் வேண்டும். முதல் வகையின வித்தினால் மட்டுமே பரவுவன. சாரணை, குப்பைமேனி, தும்பை, நாயுருவி, பார்த்தீனியம் முதலியன இவ்வகைய. இரண்டாம் வகையின மண்ணுக்குள் கிழங்கோ தண்டோ வைத்து, மேலே அறுத்தாலும் கீழிருந்து மீண்டும் தழைப்பன. கோரையும் அறுகும் இவற்றுள் தலையாயவை. முதல் வகைக்குப் போதுமான மருந்து இரண்டாம் வகைக்குப் போதாது. இவ்வேறுபாட்டினை உணராமையால், ஒரு முறை செய்து பார்த்து, ‘இது பயனற்ற வேலை’ என்று கைவிடுவோர் பலர்.

மண்ணுள் உறங்கும் வித்து

களை பிடுங்கும் அனைவரும் கண்ட வியப்பு ஒன்று உண்டு. இன்று ஒரு பாத்தியை ஒரு புல்லும் எஞ்சாமற் கொத்தித் தூய்மை செய்கின்றோம். ஒரு மழை பெய்தபின் பார்த்தால் முன்னினும் நெருக்கமாகக் களை முளைத்திருக்கின்றது. இவை எங்கிருந்து வந்தன? காற்றில் வந்தன சில. பறவையாலும் எருவாலும் வந்தன சில. பெரும்பாலான முன்னமே மண்ணுக்குள் இருந்தவை. ஒவ்வொரு தோட்டத்து மண்ணும் ஒரு விதைக்களஞ்சியம். பல ஆண்டுகளாக உதிர்ந்த வித்துக்கள் அதனுள் புதைந்து உறங்கிக்கொண்டிருக்கின்றன.

அவை எத்துணைக் காலம் உறங்கும் என்பதை அறிய, அமெரிக்காவின் மிச்சிகன் வேளாண்மைக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த வில்லியம் ஜேம்ஸ் பீல் என்பவர் 1879-ஆம் ஆண்டில் ஒரு சோதனையைத் தொடங்கினார். இருபதுக்கு மேற்பட்ட செடியினங்களின் வித்துக்களை, இனத்துக்கு ஐம்பதாக எடுத்து, ஈரமணலோடு கலந்து, 20 புட்டிகளில் இட்டுக் கல்லூரி நிலத்திற் புதைத்து வைத்தார். குறித்த கால இடைவெளியில் ஒவ்வொரு புட்டியாகத் தோண்டி எடுத்து, வித்துக்களை முளைக்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் மறைந்த பின்னரும் அவர் வழிவந்த ஆசிரியர்கள் அப்பணியைக் கைவிடாது நடத்தி வருகின்றனர். 2021-ஆம் ஆண்டில் எடுத்த புட்டியிலும் வெர்பாஸ்கம் என்னும் ஒரு களையினத்தின் வித்துக்கள் சில முளைத்தன. நூற்று நாற்பது ஆண்டுகளுக்குமேல் அவை மண்ணுக்குள் உயிரோடு காத்திருந்தன! ஒரு கல்லூரியிற் பயில்வோர்க்கு இச்செய்தி வேறொரு வகையானும் மகிழ்ச்சி தருவதாகும். தான் முடிவு காணவியலாத வேலையை ஒருவர் தொடங்க, தலைமுறை தலைமுறையாகப் பிறர் அதனைத் தொடர்ந்து செய்தலும் கல்வியின் ஒரு பகுதியே.

அப்புட்டியைத் தோண்டியோர் நண்பகலில் தோண்டிலர். பொழுது விடியுமுன் இருளிலே தோண்டினர். வித்தின்மேல் வெயிலொளி படலாகாது என்பதே காரணம். சிறு வித்துக்கள் பலவற்றிற்கு ஒளியே துயிலெழுப்பும் மணி. 1952-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் மேரிலாந்தைச் சார்ந்த பெல்ட்ஸ்வில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார், லெட்டூஸ் என்னும் கீரையின் வித்தைக்கொண்டு இதன் நுட்பத்தை வெளிப்படுத்தினர். நனைந்த வித்தின்மேற் செந்நிற ஒளி பட்டால் அது முளைத்தது. அதன்பின், செம்மையின் எல்லையைக் கடந்து கண்ணுக்கு அரிதிற் புலனாகும் ஒளி பட்டால் முளையாது நின்றது. இரண்டையும் மாறிமாறிப் பன்முறை காட்டியபோதும், இறுதியிற் பட்ட ஒளி எதுவோ அதற்கேற்பவே வித்து நடந்தது. இவ்வாறு ஒளியை உணரும் நிறப்பொருளுக்குப் பின்னர்ப் பைட்டோகுரோம் என்று பெயரிட்டனர்.

இப்பொழுது நம் கொல்லையின் வியப்பு விளங்கும். ஒளி மண்ணுக்குள் சில மில்லிமீட்டருக்குமேற் செல்லாது. அதற்குக் கீழே கிடக்கும் வித்து, இருளை உணர்ந்து உறங்குகின்றது. நாமோ மண்வெட்டியாற் கொத்தி, கீழ்மண்ணை மேலாக்குகின்றோம். ஒரு கணம் வெயில் பட்டதும் வித்து விழித்துக்கொள்கின்றது. முளைத்த களையைக் கொல்லும் அதே வெட்டு, முளையாத களையை எழுப்பிவிடுகின்றது. ஆகவே, கொத்துதல் ஒன்றையே நம்பியிருப்போர்க்கு அவ்வேலை என்றும் முடியாது. வித்துக்கு ஒளி கிடையாதபடி மண்ணை மூடிவைத்தலே நிலைத்த வழி. வித்துக்கள் எல்லாம் ஒளியை வேண்டுவன அல்ல. சில இருளிலும் முளைக்கும். ஆயினும் அவையும், போர்வையின் கீழ் வெளிறி நீண்டு, தம் சேமிப்பு உணவு தீர்ந்தவுடன் மடியும்.

மூடாக்கு

மண்ணை இவ்வாறு மூடுதற்கு மூடாக்கு என்பது நம் உழவர் வழங்கும் பெயர். இதனை நமக்குக் கற்பித்த முதலாசிரியன் காடு. காட்டு மரத்தடியில் வெற்றுமண்ணைக் காண்டல் அரிது. உதிர்ந்த சருகு அதனைப் போர்த்திருக்கும். அங்கே களை பிடுங்குவார் இலர். களையும் நம் கொல்லையிற்போல் மண்டுவதில்லை.

தாளைக்கொண்டு மண்ணை மூடும் முறை ஹவாய்த் தீவிலே பெரிய அளவிற் கையாளப்பட்டது. அங்கே ஓலா என்னும் கரும்புத் தோட்டத்தை நடத்திவந்த சார்லஸ் எக்கார்ட் என்பவர், 1910-ஆம் ஆண்டினை அடுத்துவந்த ஆண்டுகளில், கரும்பு வரிசைகளின்மேல் தாளை விரித்துக் களையை அடக்க முயன்றார். முற்றாத கரும்பின் கூரிய முளை தாளைத் துளைத்து மேலெழுந்தது. மெல்லிய களை கீழேயே மடிந்தது. பின்னர் அன்னாசித் தோட்டத்தாரும் இம்முறையைப் பெரிதும் மேற்கொண்டனர். கனெக்டிகட்டில் வாழ்ந்த ரூத் ஸ்டவுட் என்னும் மூதாட்டி, தம் காய்கறித் தோட்டத்தை உழாமலும் கொத்தாமலும் வைக்கோலால் மூடியே பயிர்செய்து, அவ்வனுபவத்தை 1955-ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். நம் நாட்டில் மூடாக்கின் பயனை ஊரூராகச் சென்று எடுத்துரைத்தோருள் கோ. நம்மாழ்வார் (1938-2013) குறிப்பிடத்தக்கவர்.

மூடாக்கினால் வரும் பயன் களையடக்கம் ஒன்றே அன்று. வெயில் நேரே படாமையின் மண்ணின் ஈரம் எளிதில் உலராது. மழைத்துளி மண்ணை அடித்துக் கரைக்காது. கோடையில் வேர் வெதும்பாது. மண்புழு மேலே வந்து, மூடாக்கையே மெல்ல மெல்ல உண்டு எருவாக்கும். கிணறு வறளும் சித்திரை, வைகாசி மாதங்களில், இரண்டு நாளுக்கொருமுறை நீர் வேண்டிய பாத்திக்கு அதனினும் நீண்ட இடையிட்டு இறைத்தல் போதுமாயின், அது சிறிய உதவியாகாது.

வீட்டிற் கிடைப்பன

இனி, இம்மூடாக்குக்கு நம் வீட்டுக் கழிபொருள்களுள் எவை ஏற்றவை என்று ஆராய்வோம்.

முதலாவது அட்டைப்பெட்டி. கடைச் சரக்கும் அஞ்சற் பொதியும் வந்திறங்கும் பழுப்புநிற அட்டைகள் இக்காலத்து எல்லார் வீட்டிலும் பெருகிவிட்டன. அவை தடிப்பானவை; ஒளியைச் சிறிதும் விடாதவை; நனைந்தால் மண்ணோடு படிந்து கிடப்பவை. அவற்றில் ஒட்டியுள்ள நெகிழி நாடாக்களையும் சீட்டுக்களையும் கம்பி முட்களையும் எடுத்துவிட வேண்டும். மெழுகு பூசிய பளபளப்பான அட்டைகள் இதற்கு ஆகா.

இரண்டாவது செய்தித்தாள். எட்டுப் பத்துத் தாள்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கினால் நல்ல மூடாக்காகும். ஆயினும் ஒரு கருத்து: அச்சு மையில் ஈயம் முதலியன கலந்திருத்தல் கூடுமாதலின், செய்தித்தாளில் உணவுப்பண்டம் பொதியலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2016-ஆம் ஆண்டிலும் 2023-ஆம் ஆண்டிலும் எச்சரித்துள்ளது. ஆகவே, வண்ணப்படம் நிறைந்த தாள்களை விலக்கி, கருமையில் அச்சிட்டனவற்றையே கொள்க. அவற்றையும் பூச்செடி, வாழை, மரக்கன்று ஆகியவற்றின் அடியில் இடுக. கீரைக்கும் முள்ளங்கிக்கும் அருகில் வேண்டா.

மூன்றாவது பருத்தித் துணியும் சணற்கோணியும். உடுத்தி நைந்த பருத்திப் புடவை, வேட்டி, படுக்கை விரிப்பு ஆகியன நாளடைவில் மட்கி மண்ணோடு மண்ணாகும். சணற்கோணி இவற்றினும் தடிப்பானது. ஒன்றை இரண்டாக மடித்து இட்டால் ஒரு பருவம் முழுவதும் நிற்கும்.

நான்காவது பழைய கோரைப் பாய். பாய் முடைவதற்குரிய கோரை வேறு, தோட்டத்திற் களையாகும் கோரை வேறு. எனினும் இரண்டும் ஒரே குடும்பத்தன. கிழிந்த பாயால் தோட்டத்துக் கோரையை மூடுதல், உறவினனைக்கொண்டே உறவினனை அடக்குதல் போலும்.

ஐந்தாவது தென்னை தரும் பொருள்கள். பழுத்து வீழ்ந்த ஓலை, பன்னாடை, தேங்காய் மட்டை, நார்க்கழிவு அனைத்தும் பயன்படும். மட்டைகளைப் புறப்பகுதி மேலாக, நெருக்கிக் கவிழ்த்து அடுக்கினால் அவை களையை மறைப்பதோடு, பெய்த மழையை உறிஞ்சி வைத்துப் பின்னர் மெல்ல வெளிவிடும். முற்றத்திற் கூட்டும் வேப்பஞ்சருகு, வாழைச்சருகு, மாஞ்சருகு ஆகியன இவற்றின்மேல் இடத்தக்கவை.

இடும் முறை

யாம் முதன்முதல் இதனைச் செய்தபோது நேர்ந்த இழுக்கைக் கூறுதல் பிறர்க்குப் பயன்படும். ஆடி மாதத்தில் ஒரு காலைப்பொழுது, கத்தரிப் பாத்தியின்மேல் இரண்டிரண்டு செய்தித்தாள்களை உலர்ந்தவாறே விரித்து, மூலைக்கொரு கல் வைத்துவிட்டு வேலைக்குச் சென்றோம். மாலையில் வந்து பார்த்தபோது பாத்தியின்மேற் கற்கள் மட்டுமே இருந்தன. தாள்கள் அண்டை வீட்டுக் கிணற்றிலும் எதிர்வீட்டுப் புளியமரத்திலும் இருந்தன. அம்மியும் பறக்கும் காலத்தில் தாள் நிற்குமோ? அண்டை வீட்டு ஆச்சி அவற்றைக் கிணற்றினின்றும் வாளியால் மொண்டு எடுத்துக் கொடுத்தபோது, “தம்பி, படித்துவிட்டுப் போடக்கூடாதா?” என்று வினவினார். அன்றுமுதல் நனையாத தாளை யாம் தோட்டத்துக்குக் கொண்டுசென்றதில்லை. நாளடைவில் எமக்குச் செவ்வையாக வாய்த்த முறை பின்வருமாறு:

முதலில், உயர்ந்து வளர்ந்த களையை அறுத்து அங்கேயே படுக்க விடுக. பூத்த களையை மட்டும் வேரோடு எடுத்து அகற்றுக. அடுத்து, மண் நன்றாக நனையும்படி நீர் விடுக. உலர்ந்த மண்ணை மூடினால், பின்னர்ப் பெய்யும் சிறு மழை உள்ளே இறங்காது. மூன்றாவது, அட்டையையோ தாளையோ ஒரு தொட்டி நீரில் ஊறவைத்து, ஒன்றன் விளிம்பு மற்றொன்றின்மேல் ஆறு அங்குலமேனும் ஏறும்படி விரிக்க. இடைவெளி விரலளவு இருப்பினும் களை அவ்வழியைக் கண்டுகொள்ளும். நான்காவது, செடியின் தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் வெறுமையாக விடுக. தண்டைத் தொட்டுக்கொண்டு ஈரப்பொருள் கிடந்தால் தண்டு அழுகும். இறுதியாக, அதன்மேற் சருகோ வைக்கோலோ மூன்று நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்புக. மேற்பரப்பு காற்றுக்கும் வெயிலுக்கும் காவலாகும். அடியிலுள்ள அட்டை ஒளிக்குத் தடையாகும். இரண்டும் கூடியே மூடாக்கு முழுமையுறும்.

நாற்று நட்டு வளர்க்கும் கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றுக்கு இம்முறை எளிது. கீரைபோல் விதை தூவி வளர்ப்பனவற்றுக்கு இது நேரே பொருந்தாது. மூடாக்கு களையின் வித்தைப்போலவே கீரையின் வித்தையும் அடக்கிவிடும் அன்றோ? அதற்கு வேறு வழி உண்டு. விதைப்பதற்கு ஒரு மாதம் முன்னரே பாத்தியைக் கொத்தி, நனைத்து, கோணியால் மூடி வைக்க. விழித்தெழுந்த களைகள் இருளில் முளைத்து மடியும். பின்னர்க் கோணியை எடுத்து, மண்ணை மீண்டும் ஆழக் கொத்தாமல் மேலாகக் கீறி விதை தூவுக. அவ்வாறு செய்த பாத்தியிற் கீரை முந்திக்கொள்ளும்.

அடங்காத இருவர்: கோரையும் அறுகும்

வித்தினால் வரும் களை இவ்வாறு அடங்கும். கோரை அத்துணை எளிதில் அடங்காது. லீராய் ஹோம் என்பாரும் அவர் துணைவரும் 1977-ஆம் ஆண்டில் உலகின் கொடிய களைகளைப் பற்றி எழுதிய நூலில், கோரைக்கே முதலிடம் கொடுத்தனர். மண்ணுக்குள் நூலிற் கோத்த மணிபோல் கிழங்குகளைத் தொடுத்து வைத்திருத்தலே அதன் வலிமை. அதன் முளை ஊசிபோற் கூரியது. மெல்லிய நெகிழித்தாளையும் துளைத்து வெளிவரும். ஆதலின் கோரை மிகுந்த இடத்தில் அட்டையை இரட்டையாக இடுக. துளைத்து வெளிவருவனவற்றை அப்பொழுதைக்கப்பொழுது களைந்துகொண்டே வருக. இலை ஒவ்வொரு முறையும் களையப்படின், கிழங்கு தன் சேமிப்பைச் செலவிட்டு இளைத்துக்கொண்டே வரும். இதற்குப் பொறுமை வேண்டும். ஒரு பருவத்தில் முடிவதன்று.

அறுகு பக்கவாட்டில் ஓடிப் பரவுவது. பாத்தியின் நடுவே அதனை மூடிவைத்தாலும், கரையிலிருந்து மீண்டும் உள்ளே புகும். இதற்கு உடைந்த ஓடுகளும் பழைய தகரங்களும் உதவும். பழைய எண்ணெய்த் தகரத்தை வெட்டி நிமிர்த்தி, அதன் கூர்விளிம்பு கீழாக, அரையடி ஆழம் பாத்தியைச் சுற்றிப் புதைத்து, மூன்று விரல் உயரம் மேலே தெரியவிடுக. தகரத்தின் மேல்விளிம்பை மடித்துவிடாவிடில் சிறுவர் காலைக் கிழிக்கும்.

முற்றத்துக் கல்லிடுக்குகளில் முளைக்கும் புல்லுக்கு மூடாக்கு இடவியலாது. அங்கே, இட்டலிக் கொப்பரையின் அடியில் எஞ்சும் கொதிநீரை ஆறுமுன் ஊற்றுக. இளங்களை வெந்து மடியும். ஆழ்ந்த வேருடையன மீண்டும் தழைப்பின் மீண்டும் ஊற்றுக. உப்பிட்ட நீர் வேண்டா.

தெளிந்த நெகிழித்தாள் கிடைத்தால், அதனையும் கோடையில் ஒரு முறை பயன்படுத்தலாம். நனைந்த மண்ணின்மேல் அதனை இறுக விரித்து, ஓரங்களை மண்ணால் அடைத்து, நான்கு முதல் ஆறு வாரம் வைத்தால், வெயிலின் வெப்பம் உள்ளே தங்கி, மேல்மண்ணிலுள்ள வித்துக்களையும் நோய்க்கிருமிகளையும் வாட்டும். இஸ்ரேல் நாட்டு ஜேக்கப் காட்டானும் அவர் துணைவரும் இம்முறையை 1976-ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டனர். நம் சித்திரை வெயில் இதற்கு மிகவும் ஏற்றது. வேலை முடிந்தவுடன் தாளை மடித்து எடுத்துவிட வேண்டும்.

தோட்டத்துக்கு ஆகாதன

வீட்டில் வேண்டாதன எல்லாம் தோட்டத்துக்கு வேண்டுவன என்று கொள்ளுதல் பெரும்பிழை. இதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. மரத்திலும் செடியிலும் பிறந்த பொருள் மண்ணில் மட்கும். ஆலையில் நெகிழியாகப் பிறந்தது மட்காது.

வெண்ணிற அரிசிச்சாக்கு பார்வைக்குக் கோணிபோன்றதே; ஆனால் அது நெகிழி இழையால் நெய்தது. வெயிலிற் சில மாதம் கிடந்தால் இழையிழையாகப் பிரிந்து மண்ணெங்கும் பரவும். பின்னர் அதனைப் பொறுக்கி மாளாது. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் தேர்தலுக்கும் கட்டும் ஃபிளெக்ஸ் பதாகைகளும் அத்தகையனவே. அவை ஒளியை நன்கு மறைத்தலின், சில வாரம் மூடிவைத்துக் களையை மடித்தபின் எடுத்துவிடுதற்கு உதவும். பொடியும்வரை மண்ணில் விட்டுவைத்தலாகாது. பாலியெஸ்டர்ப் புடவைக்கும் இஃது ஒக்கும்.

கல்லுப்பைக் கொட்டிக் களையைக் கொல்வோர் உளர். களை மடிவது உண்மையே; ஆயினும் உப்பு மண்ணிலேயே தங்கி, அடுத்து வைக்கும் பயிரையும் கெடுக்கும். வண்டியினின்றும் வடித்த பழைய எண்ணெயை ஊற்றுதல் அதனினும் தீது. மண்ணையும், நாளடைவிற் கிணற்றையும் அது கெடுக்கும்.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது களைக்கொல்லி நஞ்சு. பாராகுவாட் என்பதை விழுங்கினோரைக் காக்க மாற்றுமருந்து இன்றுவரை இல்லை. கிளைபோசேட் என்பதைப் பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளரன்றிப் பிறர் பயன்படுத்தலாகாது என்று இந்திய அரசு 2022-ஆம் ஆண்டில் அறிவித்தது. எஞ்சிய நஞ்சினைப் பழைய சர்பத்துப் புட்டியில் ஊற்றி மாடத்தில் வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் அற்றுவிடவில்லை. நான்கு பாத்திக் களைக்காக வீட்டினுள் கூற்றுவனைக் குடிவைத்தல் அறிவுடைமையாகுமா? நனைந்த அட்டையால் ஒருவரும் இறந்ததில்லை.

பார்த்தீனியம் பற்றி ஒரு சொல். 1955-ஆம் ஆண்டையொட்டிப் பூனாவிற் கண்டறியப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிய இக்களை, தொட்டார் பலர்க்குத் தோலில் அரிப்பையும், அதன் மகரந்தம் மூச்சுத்தடையையும் விளைவிக்கும். ஒரு செடியே பல்லாயிரம் வித்துக்களை உதிர்க்குமாதலின், பூக்குமுன் பிடுங்குதல் வேண்டும். வெறுங்கையாற் பிடுங்கலாகாது, ரொட்டி வந்த நெகிழிப்பையைக் கையுறையாக மாட்டிக்கொள்க. கழிபொருள் இங்கும் உதவுகின்றது.

கருத்தில் வைக்கத்தக்கன

மூடாக்குக்கும் சில குற்றங்கள் உண்டு. அவற்றை மறைத்தல் நேர்மையன்று. அட்டையும் மட்டையும் இருக்குமிடத்திற் கறையான் வரும். ஆதலின் வீட்டுச் சுவரினின்றும் மரக்கதவினின்றும் நன்கு விலகியே இடுக. ஈரமும் இருளும் உள்ள இடத்தில் தேளும் பூரானும், ஒரோவழிப் பாம்பும் ஒதுங்கும். மூடாக்கை வெறுங்கையாற் புரட்டாது கோலாற் புரட்டுக. குழந்தைகள் விளையாடும் இடத்தில் மெல்லிய மூடாக்கே அமைக. கொட்டாங்கச்சி நிமிர்ந்து கிடந்தால் மழைநீர் தேங்கி, டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு அதில் முட்டையிடும். அதனைக் கவிழ்த்தே வைக்க.

மற்றொன்று, தாளையும் அட்டையையும் மண்ணின் மேலே கிடக்க விடுக. கொத்தி உள்ளே கலந்துவிடலாகாது. அவற்றிற் கரிச்சத்து மிகுதி, நைட்ரஜன் மிகக் குறைவு. மண்ணோடு கலந்தால், அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும், பயிர் வெளிறிப்போகும். மேலே கிடந்து தாமே மட்கின் இக்குறை பெரிதும் நேராது. விரிக்கும்போது சாணநீர் தெளித்துவிடுதல் இன்னும் நன்று.

முடிவுரை

யாம் இக்கல்லூரி விடுதியில் வாழ்ந்த காலத்து, சமையற்கட்டின் பின்புறத்தில் ஒரு குப்பைமேடு இருந்தது. மாலைதோறும் அதற்குத் தீயிடுவர். புகை படிப்பறைக்குள் வரும். நாங்கள் சாளரத்தைச் சாத்திக்கொண்டு தாவர நூல் படிப்போம். அச்சாளரத்துக்கு இருபது கெஜத்துக்கு அப்பால், விடுதித் தோட்டத்தில் ஒரு மூதாட்டி நாள் முழுவதும் குனிந்து கோரை களைந்துகொண்டிருப்பார். எரிக்கும் அட்டையும் அவர் களையும் கோரையும் ஒன்றற்கொன்று மருந்து என்பது, நாங்கள் படித்துக்கொண்டிருந்த நூலிலேயே அடங்கியிருந்தது. சிறு வித்துக்கள் பல ஒளியின்றி முளையா என்பதை நாங்கள் தேர்வில் எழுதினோம், தோட்டத்திற் செய்திலோம். அவரை நினைக்குந்தோறும் எமக்கு நாணம் உண்டாகின்றது.

இப்பொழுது பயிலும் இளைஞர்கள் இதனைச் செய்து காட்டல் வேண்டும். பெருஞ்செலவு இல்லை, கருவி வேண்டா. விடுதித் தோட்டத்தில் அளவொத்த இரண்டு பாத்திகளைத் தேர்ந்து, இரண்டிலும் ஒரே நாளிற் கத்தரி நடுக. ஒன்றை மூடுக, மற்றொன்றை வழக்கம்போற் கொத்துக. எத்தனை முறை களை பிடுங்க நேர்ந்தது, எத்தனை குடம் நீர் சென்றது, எவ்வளவு காய் கிடைத்தது என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. பிறர் கூறியதை நம்புதலினும், தம் கையால் அளந்து அறிதலே கல்லூரிக்கு அழகு. யாம் கூறியவற்றுட் பிழை உளதாயின் அக்குறிப்பேடு அதனைக் காட்டும். உண்மை உளதாயின், தோட்டத்திற் குனிந்திருப்போர் சிறிது நிமிர்வர்.